ஸ்பைனா பிபிடா உள்ள பிள்ளையோட எந்தத் தமிழில கதைக்கிறது?

உப்புவெளிச் சித்தி
(தொடக்கப் பதிவு, ஞாயிறு இரவு)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்ர அக்கான்ர மகள் கனடாவில இருந்து வந்து எங்களோட நிக்கிறா. ஆறு கிழமை லீவு. வயசு 15. திருகோணமலையில பிறந்த பிள்ளைதான். பிறக்கேக்கையே முதுகில திறந்த காயம், ஸ்பைனா பிபிடா. கொழும்புக்குக் கொண்டுபோய் முதுகை மூடிச்சினம். பிறகு தலைக்குள்ள தண்ணி கூடுது எண்டு அதை வடிக்கிற ரியூப், சண்ட் எண்டு சொல்லுறது, வைச்சவை. அத்தான் முதலே அகதியாப் போனவர். அங்க நிரந்தரமான பிறகு இவையளைக் கூப்பிட்டவர். போகேக்க பிள்ளைக்கு ஆறு வயசு.

இந்த ஆறு வயசு எண்டதிலதான் பிரச்சினை கிடக்கு. பிள்ளையின்ர தமிழ் அந்த வயசிலயே நிண்டுபோச்சு.

வந்து மூண்டாம் நாள் நிலாவெளியில சொந்தக்காரர் வீட்டை போனம். மத்தியானம் அவவுக்கு நேரமாச்சு. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரியூப் போட்டுச் சலம் எடுக்க வேணும், தானே செய்வா. மெல்ல அக்கான்ர காதுக்குள்ள சொன்னா. அக்கா உடன எழும்பி, பத்துப் பேர் இருந்த ஹோலில, “பிள்ளைக்குச் சூசூ எடுக்க வேணுமாம், ரொய்லெற் எந்தப் பக்கம்?” எண்டு கேட்டா. பதினைஞ்சு வயசுப் பிள்ளை. அந்த முகத்தை நான் பாத்தன்.

இரவு என்னோட படுத்திருந்து பாதி தமிழ் பாதி இங்கிலிஷில சொன்னா, தமிழில தனக்குத் தெரிஞ்ச சொல்லு அதுதானாம். இங்கிலிஷில எண்டா டொக்டர்மாதிரி விளக்குவா. தமிழில வாய் திறந்தா குழந்தை.

இன்னொண்டும் சொன்னா, அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை வரேல்ல. அங்க கிளினிக்கில சில நாள் தாய்க்கு மொழிபெயர்க்கிறது இவதானாம். ஒருக்கா டொக்டர் “நீ கவலையா இருக்கிறியா, தனிமையா இருக்குதா” எண்டு கேட்டிருக்கிறார். “என்ன கேக்கிறார்?” எண்டு அக்கா. இவ, “வடிவாச் சாப்பிடுறியோ எண்டு கேக்கிறார்” எண்டிருக்கிறா. அக்காவும், “ஓம் டொக்டர், நல்லாச் சாப்பிடுவா” எண்டு சிரிச்சாவாம்.

என்ர கேள்வி இதுதான். இப்பிடிப் பிள்ளையள் உள்ள வீடுகளில இந்த விசயங்களுக்கு என்ன சொல்லுப் பாவிக்கிறியள்? ஊரிலயும் சரி, வெளியிலயும் சரி.

—

நேர்த்திக்கடன்

தங்கச்சி, குறை நினையாதேங்கோ. தாய் வயித்தில இருக்கேக்க கிரகணம் பாத்ததோ எண்டு விசாரிச்சனீங்களோ? எங்கட ஊரில அப்பிடித்தான் சொல்லுவினம். பத்திரகாளி அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைச்சுப் பாருங்கோ.

—

பழைய மிஸ்ஸி

நேர்த்தி வையுங்கோ, நானும் அம்மன்ர ஆள்தான். ஆனா அந்தக் கிரகணக் கதையை இண்டையோட விடுங்கோ.

முப்பது வருசத்துக்கு மேல வார்டில நேர்ஸா நிண்டனான். பிள்ளையின்ர மூளையாயும் முதுகுக்குள்ள ஓடுற முண்ணாணாயும் மாறுற நரம்புக் குழாய், கரு உண்டாகி ஏறக்குறைய 28 நாளுக்குள்ள மூடவேணும். மூடாமல் விட்ட இடம்தான் இந்த வருத்தம். 28 நாளில அரைவாசிப் பேருக்குத் தாங்கள் பிள்ளைத்தாச்சி எண்டே தெரியாது. அந்த நேரத்தில எந்தக் கிரகணத்துக்கு எந்தக் கதவைப் பூட்டுறது? “நீ என்ன செய்தனி?” எண்டு மாமி கேட்டு அழுத தாய்மார் எத்தினை பேரை நான் பாத்திட்டன்.

தெரிஞ்ச ஒரு காவல் போலிக் அசிட் குளிசை. 1991இல பிரித்தானியாவில முடிஞ்ச பெரிய ஆராய்ச்சி ஒண்டில, முதல் பிள்ளைக்கு இப்பிடி வந்த தாய்மாருக்குக் கூடின அளவு குளிசை குடுத்து, அடுத்த பிள்ளைக்கு வாறதை 72 வீதம் குறைச்சுக் காட்டினவை. சாதாரணமா நாளுக்கு 400 மைக்ரோகிராம், முதல் பிள்ளைக்கு வந்திருந்தா டொக்டர் அதைப் பத்து மடங்கு கூட்டித் தருவார். கலியாணம் கட்டின உடனயே மிட்வைவ் வந்து குளிசை தாறது அதுக்குத்தான். அதை வாங்கி அலுமாரிக்குள்ள வைக்கிற பிள்ளையளுக்கும் சேர்த்துச் சொல்லுறன். அப்பிடிப் போட்டும் சிலருக்கு வரும். அதுக்கும் தாய் பொறுப்பில்லை.

சித்தி, உங்களுக்கு வேற ஒரு எச்சரிக்கை. பிள்ளைக்கு சண்ட் இருக்கு. தலையிடி, சத்தி, தூங்கித் தூங்கி விழுறது, இதுகள் வந்தா எங்கட சனம் “வெயில் பட்டிட்டுது, பித்தம்” எண்டு தேசிக்காய் தேய்ச்சுக் கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கும். இல்லாட்டி நாவூறு கழிக்கும். அந்த ரியூப் அடைச்சா மணித்தியாலங்களில உயிருக்கு ஆபத்து. உடன ஆஸ்பத்திரி. பிள்ளைக்கு சண்ட் இருக்கு எண்டதை வாசலிலயே சொல்லுங்கோ.

பக்கக் கதை ஒண்டு. இந்த சண்டுக்குள்ள இருக்கிற வால்வை 1956இல செய்தது டொக்டர் இல்லை. அமெரிக்காவில பூட்டுக் கொம்பனி ஒண்டில வேலை செய்த ஜோன் ஹோல்ற்றர் எண்ட மெக்கானிக். அவற்ர மகனுக்கு ஸ்பைனா பிபிடா. அவர் தகப்பன் எண்டபடியால்தான் செய்தவர். வார்டில தகப்பன்மார் வெளி விறாந்தையில நிண்டு சிகரெட் குடிக்கேக்க நான் இந்தக் கதையைச் சொல்லி உள்ளுக்குக் கூப்பிடுவன்.

—

ஒஸ்லோ மொழிபெயர்ப்பாளர்

சித்தி எழுதின அந்த “வடிவாச் சாப்பிடுறியோ” கதையை வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன். நோர்வேயில ஆஸ்பத்திரிகளில தமிழுக்கு மொழிபெயர்க்கிறது என்ர தொழில். இங்க பிள்ளையளை மொழிபெயர்ப்பாளராப் பாவிக்கிறதைச் சட்டமே தடுக்குது. 2022இல வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டத்தில தெளிவா இருக்கு, உயிருக்கு ஆபத்தான அவசரம் மாதிரி ஒண்டிரண்டு விலக்குத் தவிர. ஏன் எண்டா சித்தியின்ர பெறாமகள் செய்ததைத்தான் எல்லாப் பிள்ளையும் செய்யும். தாயைக் காப்பாத்தும். அதைப் பொய் எண்டு சொல்ல எனக்கு மனம் வராது.

கனடாவிலயும் பெரிய ஆஸ்பத்திரிகளில மொழிபெயர்ப்பாளர் இருக்கினம், கேக்க வேணும். அக்காவை அடுத்த தவணைக்கு முதலே போன் எடுத்துத் தமிழ் ஆள் வேணும் எண்டு சொல்லச் சொல்லுங்கோ. “எனக்கு இங்கிலிஷ் விளங்கும்” எண்டு எங்கட அம்மாமார் வெக்கத்தில சொல்லிப்போடுவினம். பஸ்ஸுக்குக் காணும் இங்கிலிஷ் வேற, சிறுநீரகத்துக்குக் காணும் இங்கிலிஷ் வேற.

சொல்லுப் பற்றி. நோர்வேஜிய மொழியில இதுக்குப் பேர் ரிக்மார்க்ஸ்ப்ரொக். முண்ணாண் பிதுங்கல் எண்ட மாதிரி அர்த்தம், எந்தக் கிழவிக்கும் விளங்கும். லத்தீன் பேருக்கும் அர்த்தம் சும்மா “இரண்டாப் பிளந்த தண்டு” எண்டதுதான். எங்களுக்குப் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில முள்ளந்தண்டு, முண்ணாண் எல்லாம் கிடக்கு. ஆனா வீட்டுக்குள்ள வரேல்ல. வீட்டுக்குள்ள வந்தது “ஏலாத பிள்ளை”.

அடுத்தது, ‘வாழ்க்கைத் தரம்’ எண்டு ஒரு படிவம் தருவினம். உன்ர வேலையை நீயே எவ்வளவு செய்யிறாய், தனிய வெளிய போறியா, நண்பர் வீட்டில இரவு தங்கிறியா. ஒவ்வொண்டுக்கும் புள்ளி. இதைத் தமிழ்த் தாய்க்கு முன்னால வாசிக்கிறது ஒரு கூத்து. ஒரு அம்மா என்னைக் கோவிச்சா: “நான் இருக்கேக்க என்ர பிள்ளை ஏன் தனியச் செய்ய வேணும்?” அவவுக்கு அது பாசம், படிவத்தில அது சைபர். சொல்லுக்குச் சொல் மாத்திக் குடுத்தாலும் அந்தக் கேள்வி தமிழுக்கு வராது.

—

தனித்தமிழ் ஆசான்

“முண்ணாண் பிளவு நோய்”, “மூளைநீர் வடிகுழாய்”, “இடைவிட்ட சிறுநீர் வடிப்பு”. இவ்வளவு அழகான சொற்கள் இருக்கும்போது சூசூ எதற்கு?

—

உப்புவெளிச் சித்தி

ஐயா, கோவிக்காதேங்கோ. “அம்மம்மா, எனக்கு இடைவிட்ட சிறுநீர் வடிப்பு” எண்டு பிள்ளை சொல்ல, அம்மம்மா டொக்டரைக் கூப்பிடுவா.

—

ஸ்காபரோ அம்மா

என்ர மகனுக்கு 19. நானும் திருகோணமலைதான், உவர்மலை. சித்தி, உங்கட அக்காவை நான் குறை சொல்ல மாட்டன், நானும் அப்பிடித்தான் இருந்தனான். மகனுக்குப் பன்னிரண்டு வயசு வரைக்கும் நானே ரியூப் போட்டனான். கிளினிக்கில நேர்ஸ் பொறுமையாச் சொல்லுவா, ஏழு எட்டு வயசில பழக்கலாம் எண்டு. வீட்டை வந்து இவரிட்டச் சொல்லுவன், “வெள்ளைக்காரிக்குப் பிள்ளைப் பாசம் விளங்காது”. பிறகு பள்ளிக்கூடத்தில சுற்றுலா, இரண்டு இரவு. நான் கூடப் போகேலாது எண்டுட்டினம். அவன் போகேல்ல. ஜன்னலுக்குள்ளால பஸ்ஸைப் பாத்துக்கொண்டு நிண்டவன். அடுத்த கிழமையே தானே பழகினான். பாத்ரூமுக்குள்ள முக்கால் மணித்தியாலம், நான் வெளியில கதவோட தலையை வைச்சுக்கொண்டு. இப்ப அஞ்சு நிமிசம்.

இங்க வசதி இருக்கு, இல்லை எண்டு சொல்லேல்ல. ஒன்ராறியோவில வீல்செயாருக்கு அரசாங்கத் திட்டம் 75 வீதம் தரும். மிச்சம் 25 வீதமும் சின்னக் காசில்லை, ஆனா தேடலாம். பஸ் குனியும், கதவு தானாத் திறக்கும். தேடிக் கிடைக்காதது ஆக்கள்தான். கலியாண வீட்டுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனா, “தங்கச்சிக்குச் சம்பந்தம் பாக்கிற நேரம் ஏன் இவனை முன்னால இருத்துறியள்?” எண்டு எங்கட சனமே காதுக்குள்ள சொல்லும். அந்த ஹோலுக்கு வீல்செயார் போற பாதை இருந்தது. அவ்வளவுதான்.

மிஸ்ஸி குளிசை பற்றி எழுதினவ, இன்னொண்டு சேர்க்கிறன். கனடாவில 1998இல இருந்து வெள்ளைக் கோதுமை மாவுக்குள்ள போலிக் அசிட் கட்டாயம் போடுறவை, பாண் திண்டாலே கொஞ்சம் உள்ளுக்குப் போகும். நாங்கள் காலமை புட்டு, இரவு இடியப்பம், எல்லாம் தமிழ்க் கடையில வாங்கின சிவப்பரிசி மா. அதுக்குள்ள யார் போட்டது? அமெரிக்காவிலயும் இதே கதைதான். மெக்சிக்கோச் சனம் பாண் குறைவு, சோள மா ரொட்டிதான் கூட. அவையின்ர பிள்ளையளுக்கு இந்த வருத்தம் கூட வந்தது. 2016இலதான் சோள மாவுக்குள்ளயும் போட அனுமதிச்சவை. இங்க வந்து கலியாணம் கட்டுற எங்கட பிள்ளையள், மாவை நம்பாதேங்கோ, குளிசையைப் போடுங்கோ.

—

கிண்ணியா வாப்பா

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் வெளிநாட்டப் பத்திக் கதைக்கிறீங்க. நான் உள்நாட்டப் பத்திச் சொல்றன்.

எண்ட மகனுக்கு இப்ப ஒம்பது வயசு, இதே வருத்தம். சிறுசில கொழும்புல ஒரு பெரிய ஆசுப்பத்திரிக்கு மாறி மாறிப் போனம். இரவு பஸ், விடியச் சாமம் இறங்கி, நம்பர் எடுத்து. டொக்டர் நல்ல மனுசன், சிங்களத்துல விளக்கமாச் சொல்லுவாரு. எனக்குச் சந்தைச் சிங்களம் தெரியும். “கீயத” (எவ்வளவு), “அடு கரன்ன” (குறைங்க). முண்ணாணுக்குச் சிங்களத்துல என்ன எண்டு எனக்கு என்னத்துக்குத் தெரியப்போகுது? 1987ல இருந்து தமிழும் அரச கரும மொழிதான், சட்டத்துல எழுதிக் கிடக்கு. வார்டுல அண்டைக்குத் தமிழ் தெரிஞ்ச ஒரே ஆள் கூட்டித் துடைக்கிற ஒரு தாத்தா (நாங்க அக்காவ அப்பிடித்தான் சொல்றது). அவவத்தான் கூப்பிட்டு எண்ட புள்ளட வருத்தத்தக் கேட்டு வெளங்கினன். “சண்ட்” எண்டதை அவ “தலைக்குள்ள ஒரு பைப்பு வைக்கிறாங்க தம்பி” எண்டா. அதுக்குப் பொறகு எத்தனையோ பேர் விளக்கம் தந்தாங்க, அதவிட நல்ல விளக்கம் நான் கேக்கல.

கடல் தாண்டாமலே நாங்களும் அந்நியர்தான் சித்தி.

ஒரு கேள்வி. எண்ட மச்சான் அவுஸ்திரேலியாவுக்கு வரச் சொல்றாரு. இந்தப் புள்ளயோட விசா கிடைக்குமா?

—

ஸ்காபரோ அம்மா

தம்பி, அவுஸ்திரேலியாவில பெரும்பாலான விசாக்களுக்குக் குடும்பத்தில ஒரு ஆள் மருத்துவச் சோதனையில விழுந்தா முழுக் குடும்பமும் விழும். சில விசாக்களில மட்டும் விலக்குக் கேக்கலாம். காசு கட்ட முதல் பதிவு செய்த விசா ஏஜென்ட் ஒராளிட்டக் கேளுங்கோ. கனடாவிலயும் “மருத்துவச் செலவு கூடும்” எண்டு மறுக்கிற சட்டம் இருக்கு. ஆனா அகதிகளுக்கும், ஸ்பொன்சரில வாற மனுசி பிள்ளையளுக்கும் அது பொருந்தாது. மற்றவைக்கும் 2018இல அந்தச் செலவு வரம்பை மூண்டு மடங்காக்கினவை. சித்தியின்ர அக்கா குடும்பம் போனது அந்த விலக்கிலதான் இருக்கும்.

—

சூரிச் தம்பி

என் எழுத்தில் பிழை இருந்தால் மன்னிக்கவும், தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். பிறகு வகுப்பை மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். லிப்ட் இல்லை.

எனக்கு 27. எனக்கே ஸ்பைனா பிபிடா. இவ்வளவு நேரம் அம்மாக்கள் மட்டும் எழுதுகிறீர்கள், அதனால் வந்தேன்.

ஜெர்மன் மொழியில் ‘திறந்த முதுகு’ என்றுதான் சாதாரணமாகச் சொல்வார்கள். நான் தமிழிலும் அப்படியே சொல்கிறேன். “எனக்குப் பிறக்கும்போது முதுகு திறந்திருந்தது, மூடிவிட்டார்கள்.” அவ்வளவுதான். யாரும் அதற்கு மேல் “ஐயோ பாவம்” சொல்ல இடம் இல்லை. (சொல்வார்கள்.)

இங்கே பிறவி வருத்தத்தின் மருத்துவச் செலவை 20 வயது வரை மாற்றுத்திறன் காப்புறுதி பார்க்கும். எல்லா டொக்டரும் ஒரே கட்டிடத்தில். 20 முடிந்ததும் சாதாரணக் காப்புறுதி, சிறுநீருக்கு ஒருவர், தலைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர், யாருக்கும் மற்றவரைத் தெரியாது. அம்மா அதுவரை எல்லாவற்றையும் கொப்பியில் தமிழில் எழுதி வைத்திருந்தா. அந்தக் கொப்பியை என்னால் வாசிக்க முடியவில்லை. அம்மாவின் கையெழுத்து கூட்டெழுத்து. நானும் அம்மாவும் ஒரு மாதம் இரவில் இருந்து அதை ஜெர்மனுக்கு மாற்றினோம். என் வாழ்க்கையில் அம்மாவோடு அதிகம் கதைத்தது அந்த மாதம்தான். எத்தனை ஒப்பரேஷன் என்று எனக்குத் தெரியும். எந்த ஒப்பரேஷனுக்கு அப்பா காசுக்குக் கடன் வாங்கினார் என்று தெரியாது. அதுவும் கொப்பியில் இருந்தது.

சித்திக்கு இரண்டு விசயம். ஒன்று, இந்த வருத்தம் உள்ள நிறையப் பேருக்கு இறப்பர் பால் ஒவ்வாமை. பலூன், இறப்பர் கையுறை கவனம். சிலருக்கு அதோடு வாழைப்பழம், அவகாடோ, பப்பாசியும் ஒத்துவராது. கேட்டுப் பாருங்கள். இரண்டு, காலில் சூடு தெரியாது. உங்கள் ஊர் வெயில், மணல், வெறும் காலோடு கோயில் கல்.

சூசூ பற்றி: நான் “ஒரு நிமிசம்” என்று மட்டும் சொல்வேன். எல்லாருக்கும் தெரியும். நல்ல சொல் இல்லை, ஆனால் என் சொல்.

—

உப்புவெளிச் சித்தி

தம்பி, நீங்கள் பிந்தி எழுதிப்போட்டியள்! முந்தநாள் உப்புவெளிக் கடற்கரையில பதினொரு மணிக்கு மணலில விட்டனாங்கள். தவழ்ந்து தண்ணிக்குள்ள போய் இருந்து சிரிச்ச சிரிப்பு. இரவு பாத்தா இடது குதியில கொப்புளம். அவவுக்குத் தெரியவே இல்லை. கிளினிக்குக்குக் கொண்டுபோய் மருந்து கட்டினம். கன்னியா வெந்நீர்க் கிணத்துக்குப் போறதா இருந்தம். வாளியால அள்ளி ஊத்துற தண்ணி அவவின்ர காலுக்குச் சுடுதோ எண்டு ஆருக்குத் தெரியும்? இப்ப நான் முதல் என்ர முழங்கையில ஊத்திப் பாத்திட்டுத்தான் எண்டு ஏற்பாடு.

வாழைப்பழம் கேட்டன், அவவுக்கு வாய் கடிக்குமாம். மாமி சீப்போட வந்து, வேண்டாம் எண்டதும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவ இன்னும் வரேல்ல.

கோணேசர் கோயிலுக்கும் போனம். கோட்டைக்குள்ள மானைக் கண்டதும் வீல்செயாரை நிப்பாட்டி இருபது நிமிசம் படம் எடுத்தா. மேல படியிருக்கிற இடத்தில ஆரெண்டே தெரியாத நாலு பெடியள் வந்து செயாரோட தூக்கினவங்கள். ஊர்ச் சனம் எண்டு எனக்குப் பெருமை. அவவுக்கு அழுகை. “என்னைக் கேக்காமத் தூக்கினவை” எண்டா. நான் என்ன சொல்லுறது? அங்க சரிவுப்பாதை, ஆள் இல்லை. இங்க ஆள், சரிவுப்பாதை இல்லை. ஸ்காபரோ அக்கா எழுதினது ஞாபகம் வந்தது.

—

பழைய மிஸ்ஸி

பொதுக் கட்டிடங்களுக்குச் சரிவுப்பாதை வேணும் எண்ட ஒழுங்குவிதி இலங்கையில 2006இல இருந்து இருக்கு, பிள்ளை. உடைக்காமல் உறையில வைச்ச கடிதம் மாதிரி. பெடியளிட்டச் சொல்லுங்கோ, தூக்க முதல் “தூக்கட்டோ?” எண்டு கேக்கச் சொல்லி. அதுக்குச் சீமெந்து தேவையில்லை.

—

கிண்ணியா வாப்பா

எண்ட மகனும் அதத்தான் சொல்லுவான். தூக்கினா அடிப்பான்.

—

ஒஸ்லோ மொழிபெயர்ப்பாளர்

சித்தி, கடைசியில சொல்லுக் கிடைச்சுதோ?

—

உப்புவெளிச் சித்தி

கிடைச்சுது, ஆனா நாங்கள் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்ல.

அம்மாவுக்கு வயசு 78. பேத்தி வந்த நாளில இருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை கேக்கேல்ல, பாத்துக்கொண்டே இருந்தவ. நேற்றுப் பின்னேரம் கிணத்தடியில இரண்டு பேரும். பேத்தி ரியூப் பையோட ரொய்லெற் பக்கம் போக, அம்மா கேட்டா, “அதுக்குள்ள என்ன பிள்ளை செய்யிறாய்?” நான் குசினிக்குள்ள மூச்சை அடக்கிக்கொண்டு நிண்டன். பேத்தி தனக்குத் தெரிஞ்ச தமிழில, தண்ணி தானா வராது, நான் ரியூப் வைச்சு எடுக்க வேணும், எடுக்காட்டிக் கிட்னி பழுதாகும் எண்டு சொன்னா. அம்மா யோசிச்சிட்டு, “ஓ, ஊத்து நல்லாக் கிடக்கு, வாளி போட்டு இறைக்க வேணும், அப்பிடித்தானே?” எண்டா. “இறைக்கிறது எண்டா?” எண்டு கேட்டா பேத்தி. அம்மா எழும்பிப் போய்க் கயிறைக் குடுத்து இரண்டு வாளி இறைக்க வைச்சா. வீல்செயாரில இருந்தபடி, பாதித் தண்ணி மடியில.

அக்காவிட்டையும் கதைச்சன். அடுத்த தவணைக்கு மொழிபெயர்ப்பாளர் கேக்கிறதுக்கு ஓம் எண்டிருக்கிறா. “சாப்பாடு” கதையை நான் சொல்லேல்ல. அது பிள்ளையின்ர. அவ சொல்லுற நேரம் சொல்லட்டும்.

இண்டைக்கு மத்தியானம் நிலாவெளிச் சனம் எங்கட வீட்டுக்கு வந்தவை. அதே பத்துப் பேர், அதே நேரம். பேத்தி ஹோலுக்கு நடுவால செயாரை உருட்டிக்கொண்டு, “சித்தி, நான் இறைச்சிட்டு வாறன், சோறு போட்டு வையுங்கோ” எண்டு சத்தமாச் சொல்லிப்போட்டுப் போனா. நிலாவெளி மாமா என்னைப் பாத்து, “இந்த வெயிலுக்குள்ள பிள்ளையை ஏன் தண்ணி இறைக்க விடுறியள்?” எண்டு கேட்டார்.